ஈரச்சாக்கரும் இருபத்துமூன்றாம் நம்பரும்

யாழ்ப்பாணத்திலே பேய்க்குப் பயப்படாதவர்களைக் கண்டிருக்கிறேன். பொலிசுக்குப் பயப்படாதவர்களையும் கண்டிருக்கிறேன். அரசாங்கக் கச்சேரியில் எங்கள் பெரிய துரைக்கே பயப்படாத பியோன் ஒருவன் இருந்தான். ஆனால் ஈரச்சாக்கருக்குப் பயப்படாத ஒரு மனிதப் பிறவியை, அரியாலையில் தொடங்கி வட்டுக்கோட்டை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், அந்தக் காலத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஈரச்சாக்கரைப் போலப் பயந்த மனிதரும் வேறு எவரும் இல்லை. அவர் வெயிலுக்குப் பயந்தார். நாங்கள் அவருக்குப் பயந்தோம்.

முப்பதுகளின் பிற்பகுதி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், கச்சேரியிலே கிளாக்கர் வேலை. அரியாலையில், வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டை வாடகைக்கு எடுத்து நானும் என் மனைவி நேசமும் குடியிருந்தோம். மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஈரச்சாக்கர் வீடு. தாய் தகப்பன் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது தபால்காரனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மலைநாட்டிலே, பட்டிப்பொலப் பக்கம், முகில் இறங்கி வந்து தண்டவாளத்தில் படுத்துக்கொள்ளும் ஏதோ ஒரு சின்ன ஸ்டேசனில் இருபத்தைந்து வருஷம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்துவிட்டுப் பென்சனோடு வந்தவர். கல்யாணம் கட்டவில்லை. வந்த முதல் கிழமையே எல்லா யன்னலுக்கும் கதவுக்கும் சாக்குகளைத் தொங்கவிட்டார். மணிக்கொரு தடவை, ஒரு நிமிஷம் பிந்தாமல், அந்தச் சாக்குகளுக்குத் தண்ணீர் அடித்தார். உள்ளே ஒரே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து பகல் முழுவதும் 'கர்... கர்...' என்று ஒரு சத்தம்.

கிழக்கு வளவுச் செல்லாச்சியக்காதான் அந்தச் சத்தத்துக்கு முதலில் விளக்கம் சொன்னவர்.

"பிள்ளை நேசம், உந்த வேலிப் பக்கம் போகாதை. மனிசன் உள்ளுக்கை என்னவோ வளக்கிறார். மூச்சு விடுறது கேக்குதெல்லே?"

"என்னத்தை அக்கா வளக்கிறார்?"

"ஆருக்குத் தெரியும்? புலிக்குட்டியாயிருக்கும். மலைநாட்டிலையிருந்து வந்தவரெல்லே."

வாசகர்களை எங்களைப்போல நடுங்கவைக்க எனக்கு விருப்பமில்லை. உள்ளே இருந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருந்தவை ஓர்க்கிட் செடிகள். ஓர்க்கிட் என்றதும் பெரிய இடத்துக் கல்யாணங்களில் கோட்டிலே குத்திக்கொள்ளும் ஊதாப் பூவை நினைக்கவேண்டாம். இவை மலைக்காட்டு மரக்கொப்புகளில் பாசியோடு பாசியாக ஒட்டிக் கிடப்பவை. முழுச் செடியே பெருவிரல் நகத்தளவு. பூ எள்ளளவு. பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் பூத்திருக்கிறதா, தூசு பட்டிருக்கிறதா என்று சொல்லமுடியாது. காற்றில் முறிந்து தண்டவாளத்தில் விழுந்த கொப்புகளை அப்புறப்படுத்தும் போதெல்லாம் அவர் இவற்றைப் பொறுக்கி வளர்த்திருக்கிறார். இருபத்துமூன்று சேர்ந்தன. அதற்குள் மலைக்குளிர் அவருடைய நெஞ்சிலே ஏறித் தொய்வாகிவிட்டது. மூச்சு இழுத்தது. "இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்தால் ஆள் இல்லை, வெக்கையான ஊருக்குப் போ" என்று டொக்டர் துரத்திவிட்டார். அவர் வெக்கைக்கு வந்தார். வந்தவர் செடிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு வேண்டியது சூடும் காய்ந்த காற்றும். செடிகளுக்கு வேண்டியது குளிரும் ஈரமும். இரண்டு கட்சியும் ஒரே அறையில் இருந்தால் யாராவது தோற்கத்தானே வேண்டும்? அவர் செடிகளின் கட்சியில் சேர்ந்து, ஈரச்சாக்குக்குள்ளே உட்கார்ந்து, தன் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். 'கர்... கர்...' அதுதான்.

இதெல்லாம் பிறகு அறிந்த கதை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது புலிக்குட்டி மட்டும்தான்.

அவர் வெளியே வருவது குறைவு. வந்தால் ரயில்வேயின் கறுப்புக் கோட்டு, கறுப்புக் குடை, வெறுங்கால். ஒருநாள் நான் சைக்கிளில் கச்சேரிக்குப் புறப்பட்டபோது ஒழுங்கை முகப்பில் என்னை மறித்தார். கோட்டுக்குள்ளே கையை விட்டு எதையோ எடுத்துப் பார்த்தார். கண் பிதுங்கியது. என் காதுக்குக் கிட்ட வந்து, "தொண்ணூத்தொண்டு" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் "தொண்ணூத்திரண்டு." மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சே வரவில்லை, இரண்டு கையாலும் விரல்களைக் காட்டிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அது உஷ்ணமானியின் கணக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? செல்லாச்சியக்காவிடம் சொன்னேன்.

"நாள் எண்ணுறார்," என்றார் அவர்.

"ஆரின்ரை நாளை அக்கா?"

"உன்னட்டைத்தானே தம்பி வந்து சொல்லுறார்."

அதற்குப் பிறகு நான் ஒழுங்கையால் போவதை விட்டு, பின்வளவு வேலியால் சைக்கிளைத் தூக்கிப்போட்டுக் கச்சேரிக்குப் போகப் பழகிக்கொண்டேன். இரண்டு வேட்டி கிழிந்தது.

அடுத்தது குழிகள். செல்லாச்சியக்கா ஒருநாள் கிடுகு வேலி ஓட்டையால் பார்த்திருக்கிறார். ஈரச்சாக்கர் தன் முற்றத்திலே கையகலக் குழி ஒன்று தோண்டி, வெள்ளைத் துணியில் சுற்றிய எதையோ உள்ளே வைத்து, மண் போட்டு, மேலே தண்ணீர் தெளித்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். பத்து நாள் கழித்து இன்னொரு குழி. பிறகு கிழமைக்கு இரண்டு. பங்குனி வெயில் ஏற ஏறக் குழிகளும் ஏறின. வைகாசி முடிய இருபத்திரண்டு. செல்லாச்சியக்கா கைவிரல் போதாமல் கால்விரலுக்கு வந்து, அதுவும் போதாமல் என்னிடம் கணக்கை ஒப்படைத்தார்.

இந்த நேரத்தில் நேசம் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. தலைப்பிள்ளை. நேசத்தின் தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஆகையால் எங்கள் வீட்டில் ஒரு பல்லி சொன்னாலும் ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். மருத்துவிச்சி ஆகஸ்ட் மாதம் என்று சொல்லியிருந்தாள்.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. எங்கள் வளவுக்கும் செல்லாச்சியக்கா வளவுக்கும் பாதிப் பாதி. எல்லை வேலி கிணற்று வாய் வரை வந்து நின்று, மறுபக்கத்தில் திரும்பத் தொடங்கும். இலுப்பை மர நிழலில் ஆழமான கிணறு, நல்ல தண்ணீர். ஈரச்சாக்கர் வளவிலும் ஒரு கிணறு இருந்தது. அது உவர்த் தண்ணீர், ஆழமில்லை, நாள் முழுக்க உள்ளே வெயில் விழும். எங்கள் கிணற்றில் அவருக்குப் பங்கு கிடையாது.

ஒருநாள் காலை நான் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுவிட்டுத் துலாக்கயிற்றைக் கீழே விடுகிறேன். தண்ணீருக்கு நாலு முழம் மேலே, கிணற்றுக் கல்லிடுக்கில் செருகிய ஒரு முளையிலிருந்து, என்னவோ தொங்கியது. மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியைக் கொண்டுவந்து மெதுவாகக் கிட்டத் தூக்கிப் பார்த்தேன். விரல் நீளக் கட்டை ஒன்று. கட்டையைச் சுற்றிச் செப்புக்கம்பி. கம்பிக்குள்ளே மயிர் மாதிரிப் பச்சையாய் ஏதோ. அதற்குள்ளே வெள்ளை வெள்ளையாய் வேர். கட்டையின் அடியில் ஓர் ஈயத் தகடு. தகட்டிலே ஆணியால் கீறிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேலே விளக்கம் தேவையில்லை. செய்வினை. அதுவும் கூலிக்கு அவசரமாகச் செய்ததல்ல. ஆறுதலாக இருந்து கட்டம் கட்டமாகச் செய்தது. கட்டங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஆகஸ்ட் என்று எழுதி, பக்கத்திலே ஒன்று என்று போட்டிருந்தது.

ஆகஸ்ட். ஒன்று.

தடியை இறக்கி அதை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டேன். சவர்க்காரத்தைக் கழுவ அந்தத் தண்ணீரைத் தொடப் பயந்து, துவாயால் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு முழுவதும் முகம் இழுத்துக்கொண்டிருந்தது. நேசத்துக்குச் சொல்லக்கூடாது என்று தீர்மானித்து, செல்லாச்சியக்காவுக்கு மட்டும் சொன்னேன். நேசத்துக்கு அது போய்ச் சேரக் கால்மணி நேரம் எடுத்தது.

"இஞ்சருங்கோ," என்று அழுதாள் நேசம், "நான் அந்த மனிசனுக்கு என்ன செய்தனான்? போன கிழமை கூட வேலியாலை முருங்கைக்காய் குடுத்தனான்."

"வாங்கினவரோ?"

"வாங்கினவர். வாங்கிப்போட்டுத் தொண்ணூத்திமூண்டு எண்டார்."

இரண்டு நாள் கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தோம். நேசம் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றிலே கையை வைத்தபடி சுவரோடு சாய்ந்திருந்தாள். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது நான் பயந்த பயம் என் எதிரிக்கும் நேரவேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மந்திரவாதி வந்தார். செல்லாச்சியக்கா தேடிப் பிடித்தவர். ஆள் கதவு நிலையளவு உயரம், மார்பு நிறைய உருத்திராக்கம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய குரல் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

"உது மலையாளத்து வேலை," என்றார். "கொக்கத்தடியாலை எடும் தம்பி."

"நீங்கள் எடுக்கேல்லையோ?"

"பங்குக்காரன்ரை கைதான் படவேணும். சாத்திரம் அப்பிடி."

எடுத்தேன். தடி கிணற்றுக் கல்லிலெல்லாம் முட்டித் தாளம் போட்டது. முற்றத்தின் நடுவே வாழையிலை விரித்து அதிலே வைக்கச் சொன்னார். சுற்றிவரத் தேசிக்காய் வைத்தார். நீத்துப்பூசணிக்காயைக் கையிலே எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

"முதல்லை நல்லா வெயில் படட்டும். வெயில் பட்டால் உதின்ரை சத்தியெல்லாம் போயிடும். பேந்து கொழும்புத்துறைக் கடலிலை கொண்டுபோய்க் கரைப்பம்."

அந்த மனிதர் வாழ்நாளிலே சொன்ன ஒரே உண்மை இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

வெயில் பட்டு ஒரு நிமிஷம் ஆகவில்லை. மேற்கு வேலி கிழிகிற சத்தம் கேட்டது. கோட்டில்லை, குடையில்லை, இடுப்புச் சாரத்தோடும் வெறும் மேலோடும் ஈரச்சாக்கர் கிடுகைப் பிய்த்துக்கொண்டு வந்தார். எங்களை அவர் பார்க்கவேயில்லை. முற்றத்தில் முழங்கால் குத்தி விழுந்து, இரண்டு கையையும் ஊன்றி, அந்த விரல் நீளக் கட்டைக்கு மேலே முதுகை வளைத்துக்கொண்டு நின்றார்.

"வெயில்..." என்றார். "வெயில்... ஐயோ, வெயில்..."

அதற்கு மேலே மூச்சு வரவில்லை.

"செய்தவன் நேரிலை வந்தால் என்ரை மந்திரம் நிக்காது," என்றார் மந்திரவாதி. பூசணிக்காயைச் செல்லாச்சியக்காவின் கையில் கொடுத்துவிட்டு வாசல் படலையைத் திறக்காமலே தாண்டிப் போனார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படித் தாண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஈரச்சாக்கரின் உதடு நீலம் பாரித்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றும் ஏறி இறங்கியது. அந்த நிலையிலும் அவர் கைகள் அந்தக் கட்டைக்கு மேலே கூரை பிடித்திருந்தன. இரண்டு நாளாக என் வயிற்றில் கிடந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மனிதர் என் முற்றத்திலே, என் கண் முன்னாலே, செத்துப்போகப் போகிறார்.

முதலில் அசைந்தவள் நேசம். உள்ளே ஓடிப்போய் அரிசி புடைக்கும் சுளகை எடுத்துக்கொண்டு வந்து அவர் தலைக்கு மேலே பிடித்தாள். "ஆளுக்குப் பிடிக்கிறதோ, உதுக்குப் பிடிக்கிறதோ எண்டு தெரியேல்லை, ரண்டுக்கும் நடுவிலை பிடிச்சன்" என்று பிறகு சொன்னாள். நானும் செல்லாச்சியக்காவும் அவரைத் தூக்கி இலுப்பை நிழலுக்குக் கொண்டுபோனோம். கட்டையைக் கையிலிருந்து விடமாட்டேன் என்றார். சுடச்சுடக் கோப்பி ஊற்றிக் கொடுத்தோம். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் பேச்சு வந்தது. அதுவும் துண்டு துண்டாக.

"தம்பி... கேக்காமல் உங்கடை கிணத்துக்கை வைச்சது பிழைதான். கேட்டால் என்ன சொல்லுவியளோ எண்டு பயம்."

"எங்களுக்கு உங்களிலை பயம் ஐயா," என்றேன்.

"என்னிலையோ?" அவர் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

பிறகு எல்லாம் வந்தது. செடிகளின் கதை, தொய்வின் கதை. முற்றத்துக் குழிகள் வெக்கையில் செத்த இருபத்திரண்டு செடிகளின் குழிகள். ஈயத் தகடு தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருப்பதைக் கத்தரித்தது. ஸ்டேசனில் ரயில் நேரம் எழுதிய பழக்கத்தில் கிழமைக்குக் கிழமை உஷ்ணத்தைக் கட்டம் போட்டுக் கீறி வைத்திருக்கிறார்.

"போன கிழமை டொக்டரட்டைக் காட்டினனான். சாக்கைக் கழட்டாட்டில் மாரிக்கு நான் இல்லையாம். கழட்டினால் உது இல்லை. இருவத்துமூண்டாம் நம்பர் ஐசே, உது ஒண்டுதான் மிச்சம். உங்கடை கிணத்துக்கை எழுவத்தெட்டு! வெளியிலை தொண்ணூத்திமூண்டு! உதை உங்கை விட்டுப்போட்டுச் சாக்கைக் கழட்டுவம் எண்டு நினைச்சன்."

"ஆகஸ்ட் ஒண்டு எண்டு எழுதியிருக்கே ஐயா?"

சாரத்து மடிப்புக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நேசத்திடம் நீட்டினார். "பாரும் பிள்ளை. மொட்டு. ஆகஸ்டிலை விரியும். ஒண்டே ஒண்டு."

நேசம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "கடுகைப் பச்சைச் சீலையாலை சுத்தின மாதிரிக் கிடக்கு," என்றாள்.

எனக்குக் கோபமும் வந்தது. "குருவிச்சை மாதிரிக் கிடக்கிற உதுக்காகவோ சீவனை விடப் பாத்தியள்?"

"குருவிச்சை எண்டு சொல்லாதையும் தம்பி. குருவிச்சை மரத்தை உறிஞ்சும். உது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், ஒண்டும் கேளாது." கொஞ்ச நேரம் மூச்சை இழுத்தார். "ஆளில்லாத ஸ்டேசன். ஒரு ரயில் போனால் மற்றது வர ஆறு மணித்தியாலம். உதுகளோடைதான் நான் கதைச்சனான்."

செல்லாச்சியக்கா பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார். ஆனால் பங்குக்காரி பங்குக்காரிதான், சும்மா விட்டுக்கொடுப்பாரா? செடி கிணற்றிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, நிபந்தனை போட்டார். தகடு கிணற்றுக்குள்ளே இருக்கக்கூடாது. கட்டைக்கு மஞ்சள் தடவிய நூலால் ஒரு காப்புக் கட்டவேண்டும். ஈரச்சாக்கர் அன்றைக்கே, அக்காவின் கண் முன்னாலே, சாக்குகளைக் கழற்றவேண்டும். கழற்றினார். முதல்முறையாக அந்த வீட்டின் யன்னல்களை நாங்கள் கண்டோம். நல்ல வடிவான யன்னல்கள்.

அதோடு எங்கள் பயம் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அன்றைக்குத்தான் தொடங்கியது. துலாவில் தண்ணீர் அள்ளும்போது வாளி பட்டுவிடுமோ என்று பயம். சோளகக் காற்று அடித்தால் பயம். இலுப்பைக் கொப்பில் காகம் இருந்தால் பயம். செல்லாச்சியக்கா கிணற்றடியிலேயே குடியிருக்காத குறை. "மெதுவா அள்ளு! மொட்டிலை அடிக்கும்!" என்று அவர் போடுகிற சத்தத்தில் நான் இரண்டுதரம் கயிற்றையே கைவிட்டிருக்கிறேன். காலையில் கச்சேரிக்குப் போகும்போது நானே ஈரச்சாக்கரின் படலையில் நின்று, "எவ்வளவு?" என்று கேட்பேன். "தொண்ணூத்திநாலு" என்பார். எனக்கு அன்றைக்குக் கச்சேரிக் கந்தோரில் கணக்கு ஓடாது.

ஆகஸ்டில் எங்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஈரச்சாக்கர் படலையில் நின்று விசாரித்துவிட்டு, "எத்தினை இறாத்தல்?" என்று கேட்டார்; அவருக்கு எல்லாமே எண்ணாக வேண்டும். பிள்ளைப்பேற்றுத் தீட்டால் துடக்கான வீட்டுக் கிணற்றிலே அந்தச் செடி இருக்கலாமா என்ற கேள்வியைச் செல்லாச்சியக்கா கிளப்பினார். தானே இரண்டு நாள் யோசித்து, பூக்காத செடிக்குத் துடக்கில்லை என்று தீர்ப்பும் சொன்னார்.

ஆறாம் நாள் காலை செல்லாச்சியக்காவின் கூச்சல் ஒழுங்கை முழுவதும் கேட்டது. "விரிஞ்சிட்டுது! விரிஞ்சிட்டுது!"

ஈரச்சாக்கர் ஓடி வந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கட்டை தெரிந்தது, பூ தெரியவில்லை. வெளியே எடுத்தால் வெக்கையில் ஒரு மணி நேரமும் தாங்காது என்றார். கிட்டப் போய்ப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. கிணற்றுக் கட்டிலே வயிற்றை வைத்துப் படுத்து, தலையும் மார்பும் உள்ளே தொங்க, ஒரு கையில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். செல்லாச்சியக்கா கொக்கத்தடியால் கட்டையைக் கிணற்று நிழலுக்குள்ளேயே அவர் முகத்துக்குக் கிட்ட உயர்த்திப் பிடித்தார். நான் பின்னாலே நின்று அவருடைய இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். கீழே ஆழக் கிணறு. எனக்கு உள்ளங்கால் கூசியது. அவருக்கு அன்றைக்கு ஒரு பயமும் இல்லை.

"பிடிச்சிருக்கிறீரோ தம்பி?"

"பிடிச்சிருக்கிறன் அண்ணை. நீங்கள் பாருங்கோ."

"மஞ்சள்... நடுவிலை ஒரு சிவப்புப் பொட்டு ஐசே... ஒரு சின்னச் சொண்டு..."

அவர் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டே போனார். என் கைகளுக்குள்ளே அவருடைய விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு எங்கும் தடக்கவில்லை. ஒரு குழந்தையின் மூச்சைப்போல உள்ளே போய் வெளியே வந்தது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

கனநேரத்துக்குப் பிறகு நிமிர்ந்து, நிலத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். முகமெல்லாம் கிணற்றுப் பாசி.

"இனி விடும் தம்பி, நான் விழமாட்டன்," என்றார்.

எனக்குத்தான் கையை எடுக்க மனம் வரவில்லை.